அம்பாசிடர் ஏன் கொதித்தது

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

எப்படி இருக்கீங்க என்று கேட்க மாட்டேன். நீங்கள் போனதிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், போன வாரத்தோடு அழுகையை நிறுத்திவிட்டேன். அவ்வளவு கோபம்.

உங்கள் அம்பாசிடர் விஷயம்தான். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார் உங்கள் தம்பி. "அது ஸ்ரீமுஷ்ணம் போனப்பவே செத்துப்போச்சு அண்ணி. நீங்க ஓட்டுனதுதானே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்தது யாருங்க?

லைசென்ஸ் வாங்கிய கையோடு உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். பாதி வழியில் சூடு காட்டும் முள் உச்சிக்கு ஏறி, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. "கியர் மாத்தத் தெரியாம எஞ்சினைப் பொசுக்கிட்டியே" என்றீர்கள். அன்றோடு சாவி என் கைக்கு வரவில்லை. அப்புறம் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் இதே பேச்சுதான். "எங்க வூட்டுல ஒரு நாள் ஓட்டுனாங்க, வண்டிக்கு ஆயுசுக்கும் காய்ச்சல்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். நான்தான் கெடுத்தேன் என்று நம்பிக்கொண்டும் இருந்தேனே!

கடைக்குப் போடுமுன் என்னதான் கோளாறு என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். மங்கலம்பேட்டை பஷீர் பாயை வரச்சொன்னேன். துபாயில் பழைய வண்டிகளைப் பழுது பார்த்தவர். கூடவே நின்று நானும் பார்த்தேன்.

முள் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்தோம். சென்சாரைக் கழற்றி, என் பால் குண்டானில் கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டால், முள் சரியாகத்தான் காட்டியது. விசிறி பெல்ட் இறுக்கமாக இருந்தது. கோயில் போய் வந்தபிறகு நீங்கள் புதிதாகப் போட்ட ரேடியேட்டரில் குழாயைச் சொருகினால் தண்ணீர் தாராளமாக ஓடியது. வாட்டர் பம்பிலும் குறையில்லை. வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, வெப்பம் பார்க்கிற துப்பாக்கியை எஞ்சின்மேல் நீட்டிக்கொண்டே போனார் பாய். முன்பக்கம் அளவான சூடுதான். பின்பக்கம் போனதும் எண் கிடுகிடுவென ஏறியது.

"தண்ணி இங்க வந்து சேரலம்மா" என்றார்.

எஞ்சின் ஆறியதும், அந்த இடத்தில் பக்கவாட்டில் அடித்திருந்த வட்டத் தகட்டைப் பெயர்த்தார். தண்ணீர் பீய்ச்சியடிக்க வேண்டிய ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. ஸ்குரூடிரைவரால் குத்தியதில் கட்டி கட்டியாக விழுந்தது. மேலே துருக்கறை, உடைத்தால் உள்ளே வெள்ளை.

"துருன்னா உள்ளயும் செவப்பா இருக்கணுமே, இது என்னாம்மா?"

எனக்கா தெரியாது? நம் பொம்மை யூனிட்டில் இத்தனை வருஷமாக அச்சில் ஊற்றுகிற பீங்கான் களிமண்! ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு நேராக யூனிட்டுக்குப் போனேன். களிமண் கரைக்கிற செல்வத்திடம் நீட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணன்தான் அண்ணி. கோயிலுக்குப் போறதுக்கு மொத நாளு ரேடியேட்டரு ஒழுவுச்சு. அச்சுல ஊத்துனா ஓரமா புடிச்சிக்குதுல்ல, அதுமாரி ஓட்டையும் அடைச்சிக்கும்னு ஒரு வாளி கரைசல ஊத்திட்டாரு. அண்ணிகிட்ட மூச்சு வுடாதன்னாரு."

ஏங்க, பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்சும், களிமண் ஓரத்தில் பிடிக்கும். இரும்பும் பித்தளையும் உறிஞ்சுமா? தண்ணீரோடு எஞ்சினுக்குள் போய் அடியில் படியத்தானே செய்யும்? பொம்மை செய்கிறவருக்கு இது தெரியாதா? சரி, அவசரத்தில் செய்த தப்பு. அதை மன்னித்துவிட்டேன். ஆவி கிளம்பியபோது பயத்தில் என்மேல் பழி போட்டீர்கள். அதையும் விடுங்கள். அதற்கப்புறம் இத்தனை வருஷம்? என்னை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தபோதெல்லாம் உங்கள் மனசு உறுத்தவே இல்லையா? தனியாக இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தீர்களே, அப்போதாவது வாய் திறந்திருக்கக் கூடாதா? இப்போது யாரோடு போய்ச் சண்டை போடுவேன்?

பாய் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிவிட்டார். நேற்று ஜங்ஷன் ரோட்டில் நான்தான் ஓட்டினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. வண்டியை யாருக்கும் தரப்போவதில்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் வருஷ திதி வருகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், இது சத்தியம். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பார்கள். பேசுவேன். ஆனால், உங்களுக்குப் படையல் வைத்த பிறகுதான் ஆரம்பிப்பேன். பசியோடு நீங்கள் திட்டு வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள் மனைவி
செங்கமலம்