‘பூவணன் வாட்சு’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்த வரலாறு

செங்கழு நாடும் முகில்மலைச் சாரலும் உடையவராய், குடிகளுக்கு நிழலாய் விளங்கும் மன்னர் மாவேழப் பெருமாள் திருவடிகளுக்கு, முத்தலைப்பட்டினத்தில் எஞ்சியிருக்கும் அமைச்சன் மருதூர்கிழான் அடிதொழுது விடுக்கும் ஓலை. மலையில் மழை தவறாதிருக்க. தேவரீர் திருமேனி நலம் பெறுக. அரசியாரும் இளங்கோவும் நீடு வாழ்க.

உடன்படிக்கைப் பேச்சுக்கு உதவும் பொருட்டு, ஆங்கிலேயர் நாவில் புதிதாய் வழங்கும் சொற்களை அவற்றின் பிறப்போடு எழுதுக என்று பணித்திருந்தீர். அவர்தம் கோட்டையில் இவ்வாண்டு பிறந்த சொற்கள் பல. ஒன்றை மட்டுமே இன்று எழுதக் கை வருகிறது, ஐயனே.

உடையவன் ஓடிப்போன வெற்று வீட்டைக் காத்து நிற்கும் மூடனை, ‘பூவணன் வாட்சு’ நிற்கிறான் என்கிறார்கள். வாட்சு என்றால் அவர்கள் மொழியில் காவல்.

பூவணன் யாரென்று தேவரீர் கேட்கமாட்டீர். அவர்கள் கப்பல் வந்த அன்று, நெற்களஞ்சிய வாயிலில் அவனைக் காவல் நிறுத்தித் திருக்கையால் வெற்றிலை கொடுத்தீர். கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கினாலன்றிக் காவலன் இடம் பெயரான் என்பது நம் நாட்டு வழக்கம். நெல்லும் வண்டியேறிப் போயிற்று, தேவரீரோடு அரண்மனையும் மலையேறிற்று. வெற்றிலையை வாங்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆங்கிலத் தளபதி விலகச் சொன்னபோது, தந்த கை வரட்டும், விலகுகிறேன் என்றானாம். சுட்டுவிட்டார்கள், பாவிகள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மணி நெல் இல்லை. அதைத் தளபதி விருந்தில் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சிப்பாய்களிடம் போய்ச் சொல்லாயிற்று. இப்போது கடைத்தெருவில் நம் பிள்ளைகளே அதைச் சொல்லி விளையாடுகிறார்கள்.

அவன் மனைவி உமையாள் தாலி கழற்றவில்லை, கருமாதிக்கும் இசையவில்லை. சருகாகிப்போன வெற்றிலையை முந்தானையில் முடிந்திருக்கிறாள். ஊரார் வற்புறுத்தியபோது அவள் சொன்னதைச் சொன்னபடியே வரைகிறேன்: “ராசா வந்து வெத்தலைய வாங்கலியே சாமி. காவலு முடியாதவருக்கு நான் எப்படி எள்ளுந் தண்ணியும் விடச் சொல்லுவேன்?”

தேவரீர் வந்து போக ஆங்கிலேயர் வழிவிட இசைந்துள்ளனர். நாணமே தடுக்கிறது என்று அறிவேன். அமைச்சன் மன்னர்க்குக் கட்டளையிடுதல் முறையன்று, ஆயினும் இடுகிறேன். ஓலை கண்ட பொழுதே இறங்கி வருக. உமையாள் வாசலில் நின்று கை நீட்டுக.

அரச முத்திரை மலையில் இருப்பதால் அடியேன் மோதிரம் பதித்தேன். வர இயலாதெனில், அச்சொல்லுக்கு ஆங்கிலேயர் கூறும் பொருள் சரியே என்று தேவரீர் கையால் மறுவோலை விடுத்தருள்க.