டெல்பர்ட்டின் கை

அன்புள்ள அம்மாவுக்கு ரெமி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் விழுந்ததை டிவியில் பார்த்துப் பயந்திருப்பாய். தலையில் லேசான அடிதான்.

இங்கே பேப்பர்களில் என்னை ‘அடுத்த டெல்பர்ட்’ என்று எழுதுகிறார்கள். அப்பா சாகும்வரை கொண்டாடிய, அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதே குவார்ட்டர்பேக்தான். நேற்று அந்த டெல்பர்ட்டே எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார். நான் பந்தை எறிந்ததும், “அடேயப்பா, என் கையேதான்டா இது! உன் பேரு என்ன?” என்றார். சொன்னேன். கை குலுக்கினார்.

சற்று நேரத்தில் மறுபடியும் வந்து, “அடேயப்பா, என் கையேதான்டா இது! உன் பேரு என்ன?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று பையன்கள் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, “இவரும் உன்னை மாதிரிதான்ப்பா. தலையில எவ்வளவு அடி வாங்கினாலும் உடனே எந்திரிச்சிடுவாரு,” என்றார்.

இங்கே குளிர் தாங்கவில்லை. சாப்பாட்டில் காரமே இல்லை. நீ காய்ச்சும் மிளகாய் சாஸ் ஒரு பாட்டில் அனுப்பு.

பஸ் கிளம்புகிறது. இன்னும் ஒன்றே ஒன்று. இனி போனில் பேசும்போதெல்லாம் நம் நாயின் பெயரை என்னிடம் கேள். நான் யோசித்தால், வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்.

உன் ரெமி