கையொப்பத்தில் வேறு பெயர்

வியாழக்கிழமை, இரவு.

குளத்தூர் கடையில் இன்று முதலாளியிடமே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முன்னால்.

இன்று காலையிலும் ஸ்கேனர் ஓடவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்று முதலாளி நேற்றே நெட்டில் எங்கிருந்தோ ஒரு ஃபைலை இறக்கி வைத்திருந்தார். "டக்குனு போட்டு விடும்மா" என்றார். நான் திறக்காமல், ப்ராப்பர்ட்டீஸில் போய், ஃபைலை வெளியிட்டது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்தேன். ஸ்கேனர் கம்பெனியின் பெயரே இல்லை. கேள்விப்படாத வேறு ஏதோ பெயர்.

"இது அந்தக் கம்பெனி குடுத்தது இல்லைங்க. போட மாட்டேன்."

"ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல?" என்று சத்தம் போட்டார்.

அழுகை வந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போர்ட் நகலெல்லாம் இருக்கிறதே. ஸ்கேனர் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து டிரைவரை இறக்கினேன். கையொப்பத்தில் சரியான பெயர் இருந்தது. போட்டதும் ஸ்கேனர் ஓடியது.

மதியம் குடுமியான்மலைக் கடையிலிருந்து அவர் தம்பி போன் செய்தார்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அண்ணே, நீ நேத்து அனுப்புன ஸ்கேனர் ஃபைலப் போட்டதுலேருந்து திரை பூரா வெளம்பரமா வருது. மூட மூட வருது."

போனை வைத்துவிட்டு முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, அந்தக் கையெழுத்த எங்கிட்டுப் பாக்குறது? எனக்கும் காட்டு."

இரண்டு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அவரே கண்டுபிடித்தார். சிரிப்பை அடக்கிக்கொள்ள வாசலுக்குப் போய் நின்றேன். இப்போது வீட்டில் இதை எழுதும்போது அடக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடி தனியாச் சிரிக்கிற?" என்கிறாள்.