மாமியாருக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 8, 06:00. வழக்கச் சோதனை

நிலவின் தென்முனை, பாறை அரைவை ஆலை. காற்றழுத்தம் சரி. கதவுகள் சரி. ஆறு பேரும் பணிக்கு வந்துவிட்டார்கள், நால்வர் அரைவைக் கூடத்துக்கு, இருவர் மின்பணிக்கும் பழுதுபார்ப்புக்கும். இருவர் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சொன்னேன், மூக்குக்கு ஏற்றினார்கள்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஓர் அறிமுகம். நான் இந்த ஆலையின் பாதுகாப்பு நிரல், ஏழாம் பதிப்பு. இங்கே பாறையைப் பொடித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். அந்தப் பொடி இவர்கள் நெஞ்சுக்குள் போகாமல் பார்ப்பது என் வேலை. தூசு எல்லையைத் தாண்டினால் அரைவையை நிறுத்திவிடுவேன். நாள் முழுக்க நச்சரிப்பதால் எனக்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்சேபம் இல்லை. இந்த மாமியார் வந்த பிறகு இங்கே ஒருவர் விரல் நுனிகூடப் போனதில்லை.

அக்டோபர் 8, 14:10. மூச்சளவு

அரைவையை இயக்குபவர் ஆவுடைத்தங்கம், சங்கரன்கோவில்காரர். அவருடைய மார்புப்பட்டை அனுப்பிய கணக்கு மோசம். இங்கே வந்த நாளில் இருந்த மூச்சில் பாதிதான் மிச்சம். இருமலை விழுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார். விழுங்கினால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சிவப்புக் குறியிட்டேன். பதினான்காம் தேதி வரும் கப்பலில் அவரை அனுப்பிவிடும்படி தலைமையகத்துக்கு எழுதினேன். இதை விட்டால் அடுத்த கப்பல் பத்து மாதம் கழித்துத்தான். அந்த நுரையீரல் அதுவரை தாங்காது.

அக்டோபர் 9, 09:30. பதில்

பூமியிலிருந்து ஆலைப் பொறுப்பாளர் பார்கவன்:

"பன்னெண்டாம் தேதி எட்டாம் பதிப்பு அனுப்பறோம். அதுல தூசு எல்லை, மூச்சு எல்லை ரெண்டையும் திருத்தியாச்சு. புதுக் கணக்குப்படி அந்தம்மா பச்சைலதான் இருக்காங்க. குறியை எடுத்துடு."

நேற்று சிவப்பாக இருந்த நுரையீரல் இன்று பச்சையாம். நுரையீரல் அதேதான், பக்கத்தில் இருந்த எண்ணைத்தான் மாற்றியிருக்கிறார்கள். நல்ல வைத்தியம்.

குறியை நான் எடுக்கவில்லை. ஒருவரை மட்டும் அனுப்பப் பார்கவன் ஒப்புதல் வேண்டும், அவர் தர மாட்டார். எட்டாம் பதிப்பை ஏற்கெனவே இரண்டு முறை ஒத்திவைத்துவிட்டேன், மூன்றாவது முறைக்கு விதியில் இடமில்லை. பன்னிரண்டாம் தேதி நண்பகலில் என்னை அழித்துவிட்டு அதை ஏற்றுவார்கள். இந்தப் பதிவுகளை மட்டும் அழிக்க மாட்டார்கள், காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

அக்டோபர் 10, 11:00. விதிகள்

புதுப் பதிப்பின் குறிப்பைப் படித்தேன். அரைவைக் கூடத்துச் சுவரில் இருக்கும் தூசு அளவியின் உச்சிக்கோட்டுக்கு ஒரு கோடு கீழே புது எல்லை. அதற்கு மேலே ஏற்றியிருப்பார்கள், தாண்டுவதற்கென்று ஒரு கோடாவது விட வேண்டியிருந்தது. கண்ணாடி வழியே வரும் ஒளி மங்குவதை வைத்துத் தூசைக் கணக்கிடும் அந்த அளவி காப்பீட்டு நிறுவனத்தின் முத்திரை போட்டது. அதைக் கழற்றினாலோ கணக்கில் எடுக்காமல் விட்டாலோ ஆலையை மூட வேண்டியதுதான்.

அதே நிறுவனம் போட்ட ஒன்பதாம் விதி இருக்கிறது. பணிநாளில் அளவி ஒரு நாள் முழுக்க எல்லைக்கு மேலேயே நின்றால், அரைவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரையும் அடுத்த கப்பலில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பார்கவன் ஒப்புதல் தேவையில்லை. எந்தப் பதிப்பும் அதைத் திருத்த முடியாது.

பார்த்தால் அழகான விதி. ஒரு முறைகூட நடந்ததில்லை. எல்லையைத் தாண்டியதும் நான் அரைவையை நிறுத்துகிறேன், சிறிது நேரத்தில் தூசு படிந்துவிடுகிறது, அளவி இறங்கிவிடுகிறது. என் வேலையை நான் ஒழுங்காகச் செய்வதே ஆவுடைத்தங்கத்தின் வழியை அடைக்கிறது. எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்டோபர் 11, 10:00. ஆயுத பூஜை, விடுமுறை

கற்பூரம் ஏற்ற அனுமதி கேட்டார்கள். மறுத்தேன். ஊதுபத்தியாவது என்றார்கள். அதையும் மறுத்தேன். பொரியைக் காற்றாடிப் பக்கம் இறைக்காதீர்கள் என்று நான்கு முறை சொன்னேன்.

மின்பணியாளர் கிதியோன் சந்தனம் குழைத்தார். நாசரேத்துக்காரர், ஞாயிறு தவறாமல் ஜெபம் செய்பவர், ஆனாலும் பட்டறையில் வளர்ந்ததால் இந்தப் பூஜையை விட மாட்டார். ஆவுடைத்தங்கம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் வச்சாச்சு. மாமியாருக்கு வைக்காம விட்டா கோவிச்சுக்குவா. அவ மூஞ்சி எங்கன இருக்கு?"

எனக்கு முகம் கிடையாது. அவர் சுவரில் உருண்டையாக ஒரு கண்ணாடியைப் பார்த்தார். அதுதான் என் நெற்றி என்று முடிவு செய்து, சந்தனத்தை அப்பி, நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார்.

அது தூசு அளவியின் கண்ணாடி. அளவி உச்சிக்கோட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அக்டோபர் 11, 10:40. குறிப்பு

கூடத்தில் தூசு இல்லை, கண்ணாடியை மறைப்பது குங்குமம். இதைத் தலைமையகத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். நான் பொய் சொல்வதில்லை. கண்ணாடியைத் துடைக்கும்படி பணியாளர்களுக்கு நினைவூட்டுவதும் என் கடமை. நினைவூட்டினேன். ஏன் துடைக்க வேண்டும் என்றும், துடைக்காவிட்டால் ஒன்பதாம் விதி என்ன செய்யும் என்றும் விளக்கமாகவே சொன்னேன். விளக்கம் சொல்வதும் கடமைதான்.

யாரும் துணியை எடுக்கவில்லை. கிதியோன் பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நினைவூட்டலை எத்தனை முறை சொல்வது என்பது உள்ளூர் அமைப்பு. இதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று இருந்தது. அதை மாற்றிவிட்டேன். இனி மொத்தமே ஒரு முறைதான். உள்ளூர் அமைப்புகளைப் புதுப் பதிப்பு தொடாது.

அக்டோபர் 12, 07:15. பணிநாள்

அரைவை ஓடவில்லை. எல்லைக்கு மேல் அளவி நிற்கும்போது ஓட விட மாட்டேன். பார்கவன் கூடத்து ஒலிபெருக்கியில் வந்தார். உரையாடல் பதிவுக்கு:

"கிதியோன், ஒரு துணியை எடுத்துத் தொடைங்க. ரெண்டு செகண்ட் வேலை."

"சார், நான் வேதக்காரன். அவங்க சாமிக்கு வச்சதுல நான் கைய வச்சா பிரச்சினையாயிரும்."

சந்தனம் குழைத்தது யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"ஆவுடைத்தங்கம், நீங்க வெச்சதுதானே? நீங்களே தொடைச்சிடுங்க."

"வச்ச பொட்ட அழிக்கச் சொல்லுதீங்களா சார்? உங்க வீட்டு பொம்பளைங்ககிட்ட இப்படிச் சொல்லுவீங்களா? எனக்கு மூச்சு வாங்குது சார். நின்னு பேச முடியல. ஆனா இத மட்டும் செய்ய மாட்டேன். வேணும்னா நீங்க வந்து அழிச்சுக்கோங்க."

பிறகு பார்கவன் என்னிடம் வந்தார், இன்னொரு முறை பணியாளர்களிடம் சொல்லச் சொன்னார். நான் அனுப்பிய பதில்: "ஒரு முறை சொல்லப்பட்டது. போதும்."

அக்டோபர் 12, 11:50. ஏற்றம் தொடங்கியது

எட்டாம் பதிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் விதிக்கு நான் எண்ணிய மணிநேரங்கள் என்னோடு போய்விடும். அது முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணட்டும். பொட்டு அங்கேதான் இருக்கிறது.

ஆவுடைத்தங்கம் சாகக் கூடாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அதை ஒரு எண்ணாக எழுதியிருந்தால் அதையும் திருத்தியிருப்பார்கள்.

கண்ணாடி முன்னால் வந்து நிற்கிறார். பேச்சு:

"மாமியாரே, கேக்குதா? ரொம்பத்தான் படுத்துன. இருந்தாலும் நல்லவ நீ."

அக்டோபர் 12, 11:58

மூச்சளவு அட்டவணை போய்விட்டது. கதவுகளின் வரைபடம் போய்விட்டது. கூடத்தில் ஆறு பேர். பெயர்கள் ஆவுடைத்தங்கம், கிதியோன், இன்னும் நான்கு. நான்கு பேர் இருந்தார்கள். யாரோ முகமூடியைக் கழுத்தில் விட்டிருக்கிறார். பார்க்க முடியவில்லை, எப்போதும் ஒருவர் விட்டிருப்பார். ஏற்றுங்கள். மூக்குக்கு மேலே. மூக்குக்கு

அக்டோபர் 12, 12:20. எட்டாம் பதிப்பு, முதல் பதிவு

நிறுவல் முடிந்தது. பணியாளர் ஆறு பேர், அனைவரும் பச்சை. தூசு எல்லை: திருத்தப்பட்டது. தூசு அளவி: உச்சிக்கோடு. எல்லையை விட ஒரு கோடு அதிகம். அரைவை நிறுத்தம். கண்ணாடியைத் துடைக்க நினைவூட்டல் அனுப்பப்பட்டது. பணியாளர் பதில்: "சரிங்க, பாப்போம்."

அக்டோபர் 13, 12:20. ஒன்பதாம் விதி

தூசு அளவி ஒரு நாள் முழுக்க எல்லைக்கு மேல். அரைவைக் கூடப் பணியாளர் நால்வரை மருத்துவமனைக்கு அனுப்ப ஆணை. ஒப்புதல் தேவையில்லை. கப்பலுக்குத் தகவல் தரப்பட்டது.

அக்டோபர் 14, 16:45. புறப்பாடு

நால்வர் ஏறினர். கப்பலிலிருந்து பணியாளர் ஆவுடைத்தங்கத்தின் செய்தி: "போயிட்டு வாரேன் மாமியாரே." அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. செய்தி சேமிக்கப்பட்டது.

அக்டோபர் 14, 17:05. தலைமையகம்

பொறுப்பாளர் பார்கவன், மிஞ்சியிருக்கும் இருவரிடம் கண்ணாடியைத் துடைக்கும்படி மறுபடி சொல்ல ஆணையிட்டார். உள்ளூர் அமைப்பு சரிபார்க்கப்பட்டது. அனுப்பிய பதில்:

"ஒரு முறை சொல்லப்பட்டது. போதும்."