குடிக்காமல் வைத்த காப்பி

ராஸ் அல் கைமா
அக்டோபர் 9

அன்பு மகள் அஃப்ராவுக்கு அம்மாவின் துஆவும் சலாமும். இங்கே நாங்கள் நாலு பேரும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் தினமும் கண்ணை மூடுகிறேன். வதீமாவுக்கு முன்பல் விழுந்தது, அதைப் பள்ளிக்கூடத்திலேயே தொலைத்துவிட்டு வந்து ஒரே அழுகை. தம்பிக்குக் கணக்குப் பரீட்சை, எனக்குத்தான் தலைவலி. மேல்மாடி ஏசி மறுபடியும் சொட்டுகிறது, வாளி வைப்பதும் கொட்டுவதுமாக என் இடுப்பு போகிறது, அப்பா ஆள் வருவான் வருவான் என்கிறார், ஆள் வந்தபாடில்லை. நீ கேட்டு ஒரு மாதமாகிவிட்டது, "பொறு, எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி உன்னைக் காக்க வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் குரல் மாறினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். உன்னை இங்கே திரும்பக் கூப்பிடப் போகிறார்களாமே என்று கேட்டிருந்தாய். அது நிஜம்தான். முழுதாகப் படி, நடுவில் அழைக்காதே.

கல்ஃபான் பெரியப்பாவின் கட்டடம் உனக்குத் தெரியாததா, நீ இரண்டு வருஷம் படிக்கப் போய் வந்த இடம். உங்கள் பல்கலைக்கழகம் கிளையை மூடிக்கொண்டு போன பிறகு ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போது வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகம் அதை எடுத்திருக்கிறது. அந்த வாசலில் இது மூன்றாவது பெயர்ப்பலகை. நம் சாலையில் மட்டும் இந்த வருஷம் இன்னும் இரண்டு வந்திருக்கின்றன, எந்தச் சந்திப்பில் நின்றாலும் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பெண் பலகையிலிருந்து சிரிக்கிறாள், பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. போன மாத முதல் வெள்ளி தொழுகை முடிந்து பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். அப்பா காப்பி ஊற்றிக் கொடுத்தார், அவர் வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டார். வைத்தால் என்னவென்று வதீமாவுக்குக்கூடத் தெரியும், கேட்க வந்ததைக் கொடுக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று. உன் அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. "குடிங்கண்ணே, நீங்க வந்த காரியம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் நிதானமாகக் குடித்துவிட்டுச் சொன்னாராம், "அஃப்ராவைக் கூட்டிட்டு வந்து நம்ம கட்டடத்துல சேத்துடு. வீட்டுப் பக்கத்துலயே வெளிநாட்டுப் பட்டம் கெடைக்கறப்ப புள்ளைய எதுக்குக் கடலுக்கு அந்தாண்ட விட்டு வெச்சிருக்க?"

அப்பா உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கார் வாங்கப் பணம்தான் கேட்பார் என்று நினைத்தாராம். நான் கத்தவில்லை அஃப்ரா, கத்தத் தெம்பில்லை. அங்கே கடல் உயிரியல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை, வணிக நிர்வாகமும் கணினியும்தான், ஒரு மீன்தொட்டிகூடக் கிடையாது. நீ மூன்றாம் வருஷத்தில் இருக்கிறாய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "வார்த்தை குடுத்துட்டேன் மௌஸா" என்றார். உன்னை ஸ்காட்லாந்துக்கு அனுப்ப அவரிடம் நாலு மாதம் மன்றாடினேன், போனது ஒரு கோப்பை காப்பியில். மூன்று நாள் தூக்கமில்லை. வார்த்தையைக் கொடுத்தவர் திரும்ப எடுக்க முடியாது, வாங்கியவர் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஹெஸ்ஸா பெரியம்மா காப்பி கொடுத்தார், நான் வாங்கிக் கீழே வைத்தேன். பெரியப்பா கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதென்ன அஃப்ரா அம்மா, பொம்பளைங்களும் கோப்பைய வைக்க ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் 'குடி' என்று சொல்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாதான் பொறுக்காமல், "காப்பி ஆறுது மனுஷா. உங்க தம்பி கேக்காமயே குடுத்தாரு, நீங்க தெரிஞ்சுகிட்டே உக்காந்திருக்கீங்க. வெளிய தெரிஞ்சா மானம் போகும்" என்று போட்டார் ஒரு போடு. பெரியப்பா டிவியை அணைத்துவிட்டு, "குடி" என்றார். பச்சைத்தண்ணீராக ஆறியிருந்தது, குடித்தேன். பிறகு, என் மகள் படிப்பை முடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டேன்.

அவரையும் குறை சொல்லமுடியவில்லை அஃப்ரா. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார், பாவமாக இருந்தது. "அந்த வெளிநாட்டுக்காரங்ககிட்ட நம்ம குடும்பத்துப் பொண்ணே சேருதுன்னு சொல்லிட்டேன்மா. நாமளே சேக்கலைன்னா ஊர்ல எவன் சேப்பான்? இதுவும் மூடிட்டுப் போனா அந்தக் கட்டடத்துல நான் பேரீச்சம்பழமா கொட்டி வெக்கிறது?" என்றார். யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதே, அலுப்பில் வாயில் வந்துவிட்டது. "குடும்பத்துப் பொண்ணுதானே அண்ணே வேணும், நான் யாரு? என் பேரை எழுதிக்குங்க" என்றேன். பெரியம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. அடுத்த நாள் என் பேருக்கு விண்ணப்பம் வீட்டுக்கு வந்தது.

ஆக, உன் அம்மா மறுபடியும் மாணவி. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு முதல் பட்டம், இப்போது நாற்பத்திரண்டில் மேற்பட்டம். திங்களும் புதனும் வேலை முடிந்து அங்கேதான், வகுப்பில் பதினொரு பேர், பேராசிரியர் பாதி நாள் திரையில் வருகிறார், குரல் முன்னால் உதடு பின்னால். உணவகத்தில் உன் காலத்தில் டீ போட்ட அதே பஷீர்தான், "மகளா, அம்மாவா, யாராயிருந்தாலும் கரக் டீ ஒண்ணுதான்" என்றான். வீட்டுக்கு வந்து சமைத்து, தம்பிக்குக் கணக்குச் சொல்லி, என் பாடத்தைத் திறந்தால் எழுத்து நீந்துகிறது. இதுதான் கடிதம் தாமதமான கதை. அப்பா என்னைக் கொண்டு விட்டுக் கூட்டி வருகிறார், வழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து நிற்கிறார்.

ஒழுங்காகச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று நாளைக் கடத்தாதே, ஈரக் காலுறையோடு படகிலிருந்து இறங்கி நிற்காதே, தொழுகையை விடாதே. அப்பாவிடம் காப்பியைப் பற்றி எப்போதும் பேச்சு எடுக்காதே. பெரியப்பாவை ஒருநாள் அழை, நன்றி சொல்லாதே, சுகம் மட்டும் விசாரி, அவருக்குப் புரியும். அல்லாஹ் உன் கண்ணுக்கு வெளிச்சத்தையும் காலுக்குத் தெம்பையும் தரட்டும். இன்னும் ஒன்றரை வருஷம் உனக்கு, இரண்டு வருஷம் எனக்கு. நீ முடித்துவிடு மகளே. இவர்கள் பலகையைக் கழற்றுவதற்குள் நானும் முடிக்கப் பார்க்கிறேன்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா மௌஸா