என் பெயருக்கு ஒரு விளக்கு

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் லோயர் போன் எடுத்தார். ஆறு வருடங்களுக்கு முன் நான் தோற்ற விசா வழக்கில், குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸின் வழக்குச் செலவையும் நான்தான் கட்டவேண்டுமாம். அதைக் கட்டவில்லை என்பதற்காகவே இப்போதைய விண்ணப்பத்தை மறுக்கலாமாம். அப்படிக் கடன் உண்டா என்ற விண்ணப்பக் கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. ஒரு கடிதமும் எனக்கு வரவில்லை.

“பழைய விலாசத்துக்குப் போயிருக்கும், போய்ப் பாருங்கோ” என்றார்.

வேலை முடிந்து லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். நான் இருந்த அறையில் இப்போது வேறொருவர். பெயரைச் சொன்னதும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“நீங்கள் உயிரோட இருக்கிறியளோ?”

உள்ளே பிள்ளையார் படத்துக்கு முன்னால் என் கடிதங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. மேலே கிடந்த உறையில், என் பெயரின் மேல் திருநீறு பூசியிருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்தது.

“கடிதம் வந்துகொண்டே இருக்கு, ஆளைத் தேடி ஒருத்தரும் வரேல்ல. செத்த ஆளெண்டு நினைச்சன், அண்ணை. ராவில ஆரோ அறைக்குள்ள நடக்கிற சத்தம் கேக்கும். விளக்கு வைச்சாப் பிறகுதான் நிண்டது.”

கடிதங்களை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைக்கச் சொன்னேன்.

“ஏலாது. ஒரு வருசம் எண்டு நேர்ந்திட்டன்.”

கடிதங்கள் இப்போது என் மேசையில் கிடக்கின்றன. செலவைக் கட்டச் சொன்ன கடிதமும் அதற்குள் இருந்தது. தவணையில் கட்டக் கேட்டுப் பார்க்கலாம், ‘இல்லை’யைத் திருத்தி நாளைக்கே எழுதுகிறேன் என்கிறார் லோயர் போனில். சரி.

தண்ணீர் குடிக்க எழும்பவேண்டும். நடந்தால் அங்கே கேட்குமோ என்று அப்படியே இருக்கிறேன்.