புரியாத வார்டு

தம்பிக்கு,

மனநல ஆஸ்பத்திரியில் நம் மொழி பேசும் நோயாளிகளுக்கு வாரம் ஒருநாள் பேச்சுத்துணையாகப் போகிறேன் என்றதும், "உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்று கத்தினாய். ஏனென்று நேற்றுத்தான் புரிந்தது.

எட்டு மாதமாக ஏதோ உளறுகிறாள் என்று சொல்லி நர்ஸ் கதவைத் திறந்தாள். உள்ளே உன் பெண்டாட்டி! அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நீ ஊரெல்லாம் சொன்னவள்.

அவள் உளறவில்லையடா. "பாப்பாவுக்குத் தலை துவட்டியாச்சா அண்ணி?" என்று தமிழில் கேட்டாள். எல்லோரிடமும் அதையேதான் கேட்டிருக்கிறாள். புரியாமல் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அவளுக்கு இந்த ஊர் மொழி தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயாமே! கடையில் உப்புக் கேட்கத் தெரியுமா அவளுக்கு? விஷயம் நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதானே?

எட்டு மாதத்தில் நானும் அவளுக்கு ஒரு போன் போடவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"துவட்டியாச்சும்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவை நேராக அங்கே கூட்டிப்போகிறேன். தடுக்க வேண்டுமென்றால் வார்டுக்கே வா. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தடு.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணி